சோறு கேட்காமலே வருகிறது, பொரியல் ஏன் வருவதில்லை?

மதியம் ஒரு மணி. பேருந்து நிலையத்தை ஒட்டி எல்லா ஊரிலும் இருக்கும் அந்த நடுத்தர ஹோட்டல். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் பொரியல் வருகிறது, அரைக் கரண்டி. பக்கத்தில் கூட்டு, அதுவும் அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம். அடுத்து அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு சர்வர் வருகிறார். நாம் கையைக் குறுக்கே நீட்டும்வரை சோறு விழுகிறது. சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, பிறகு ரசத்துக்கு, மோருக்கு என்று கேட்காமலே திரும்பத் திரும்ப வருகிறது. பொரியல் வாளி மட்டும் இரண்டாம் முறை நம் பக்கம் வருவதில்லை. கேட்டால் சில கடைகளில் போடுவார்கள். சில கடைகளில் அது தனிக் கணக்கு.

வெளியில் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்று நாம் சொல்லும்போது எண்ணெய், மசாலா, சுத்தம் ஆகிய மூன்றைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறோம். மூன்றும் முக்கியம்தான். ஆனால் தினமும் ஹோட்டலில் சாப்பிடும் ஒருவரின் உடம்பை வருடக்கணக்கில் மெல்லக் கெடுப்பது, சோற்றுக்கு அளவில்லை, காய்க்கு மட்டும் அளவு என்ற இந்தப் பந்தி வழக்கம். இதை மாற்றாமல் மெனு அட்டையில் எதைச் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றே நினைக்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வந்த அறிக்கை நம் தட்டைப் பார்த்தது. இந்தியர்களுக்கு உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசி, மாவாக அரைத்த தானியம், சர்க்கரை. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் 5 சதவீதத்தைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே நீரிழிவு வரும் வாய்ப்பு குறைகிறது என்கிறது அந்த அறிக்கை.

இதோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்போ முட்டையோ இறைச்சியோ 85 கிராம் என்று அது சொல்கிறது. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. அதாவது அரிசியைவிடக் காய் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஹோட்டல் இலையில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

அளவில்லாச் சோற்றுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறுப்பவன் நான் இல்லை. மூட்டை தூக்குகிறவர், சென்ட்ரிங் வேலை செய்கிறவர், காலையிலிருந்து மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் ஒரு வேளைச் சாப்பாட்டில் அரை நாள் உழைப்பை ஓட்ட வேண்டும். அவர் கேட்கிற சோற்றுக்கு எந்த ஹோட்டலும் அளவு வைக்கக் கூடாது. ஆனால் இன்று அதே இலைக்கு முன்னால் உட்கார்கிறவர்களில் கணினி முன் எட்டு மணிநேரம் இருப்பவர், துணிக்கடை கல்லாவில் இருப்பவர், கால் டாக்ஸி ஓட்டுபவர் என்று உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். அன்னக்கூடை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. சோறு கேட்டு வரட்டும், காய் கேட்காமல் வரட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

காய் வெட்ட ஆள் இல்லை

இதைச் சொன்னால் ஹோட்டல்காரர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கலாம், கெடாது. விலையும் ஓரளவு நிலையாக இருக்கும். ஒரு ஆள் ஒரு அண்டாவில் நூறு பேருக்கு வடித்துவிடலாம். காய் அப்படி இல்லை. கோயம்பேட்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ மாட்டுத்தாவணிக்கோ விடிவதற்குள் போக வேண்டும். நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. மழை பெய்தால் தக்காளி ஏறும், முகூர்த்தம் வந்தால் கத்தரிக்காய் ஏறும். வாங்கி வந்த பிறகு கழுவ வேண்டும், சீவ வேண்டும், நறுக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. இன்றைக்கு ஹோட்டல் நடத்துவதில் எது கஷ்டம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் ஆள் பஞ்சத்தைத்தான் சொல்வார்கள்.

முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று மூன்றே காய் வாரம் முழுவதும் சுற்றிச் சுற்றி வருவதன் காரணம் இதுதான். இவற்றை இயந்திரத்தில் போட்டு நொடியில் துருவிவிடலாம், நறுக்கிவிடலாம். முருங்கைக்கீரையை உருவ வேண்டும், வாழைப்பூவில் நரம்பு எடுக்க வேண்டும், வாழைத்தண்டில் நார் சுற்றி எடுக்க வேண்டும், அவரையை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அதனால் அவை ஹோட்டல் இலையை விட்டே போய்விட்டன. வீட்டில் சமைக்கிற அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது என்பதால்தான் வாழைப்பூ வீட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, காய் கூடட்டும் என்று உபதேசம் செய்து பயனில்லை. கடைக்காரருக்குக் கட்டுப்படியாகிற வழி வேண்டும். எனக்குத் தெரிந்து அதில் முதன்மையானது சுண்டல்.

தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு எல்லாமே அரிசியைப் போல மூட்டையில் வரும், கெடாது. வெட்ட ஆள் வேண்டாம். இரவு ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. புரதமும் நார்ச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பயறுச் செடிகள் வேர் முடிச்சுகள் வழியாகக் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை, நெல்லைவிட மிகக் குறைந்த தண்ணீரில் விளைபவை. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே உளுந்தும் பயறும் போடுவது அங்குள்ள வழக்கம். கோயிலில் பிரசாதமாகவும் கடற்கரையில் பொட்டலமாகவும் ருசித்துச் சாப்பிடுகிற சுண்டலுக்கு மதியச் சாப்பாட்டு இலையில் ஏன் இடமில்லை என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

அரசாங்கம் இதை வேறோர் இடத்தில் ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் வாரத்தின் ஐந்து நாளும் முட்டை உண்டு. வாரத்தில் ஒரு நாள் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ கொடுக்கிறார்கள். அதே அரசாங்கம் 2013இல் சென்னையில் அம்மா உணவகத்தைத் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் என்று வைத்தது. மகளிர் குழுவினர் சமைத்தார்கள். எத்தனையோ கூலித் தொழிலாளர்களின் பசியை அது ஆற்றியது, அதன் பெருமை சிறிதல்ல. ஆனால் காய்க்கென்றோ பயறுக்கென்றோ தனியாக ஒரு கிண்ணம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்து கொடுத்ததை அந்தப் பிள்ளையின் தகப்பனுக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்.

கறுத்த எண்ணெய் எங்கே போகிறது?

காலையில் பூரி பொரித்த எண்ணெயில் மதியம் அப்பளம் பொரிகிறது. மாலையில் அதே வாணலியில் பஜ்ஜி. குறையும்போது புது எண்ணெய் மேலே ஊற்றப்படுகிறது. பழையது முழுவதுமாக வெளியேறும் நாள் எது என்பது சரக்கு மாஸ்டருக்கே தெரியாது.

எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் உண்டாகும் சிதைவுப் பொருள்களை மொத்தமாக அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. எண்ணெயில் முக்கிய உடனே அளவு காட்டும் கையடக்கக் கருவியும் இருக்கிறது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டமும் 2018 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

விதி நல்ல விதி. ஆனால் நாளுக்கு ஐந்தாறு லிட்டர் செலவழிக்கும் சின்னக் கடை அந்தப் பதிவேட்டுக்குள் வராது. பெரிய கடையில் கழித்த எண்ணெய் பாதி விலைக்குச் சின்னக் கடைக்குப் போவதும் இந்தத் தொழிலில் ஒளிவுமறைவான செய்தி இல்லை. அங்கே சாப்பிடுகிறவர் யார் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. வசதியுள்ளவருக்குப் பொரித்து முடித்த எண்ணெயில் வசதியில்லாதவருக்குப் பொரிக்கிறோம்.

சாப்பிடப் போகிறவர் கையில் கருவி இருக்காது. கண்ணும் மூக்கும் இருக்கின்றன. போண்டா போட்டதும் நுரை அடங்காமல் பொங்கிக்கொண்டே இருந்தால், எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால், லேசாகக் காய்ந்ததுமே புகை எழுந்தால், விரலில் பட்டது பிசின் போல ஒட்டினால், அந்தக் கடையில் அன்றைக்கு இட்லி சாப்பிடுவது நல்லது.

ஒரு நல்ல மாற்றத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் வந்தது. பரோட்டா மாவில் டால்டாவை அள்ளி அள்ளிப் போட்ட தலைமுறைக்கு இது பெரிய காப்பு. பரோட்டா அதனால் பத்திய உணவாகிவிடாது, மைதா மைதாதான்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில், அப்பளத்தில், மோரில் என்று ஒரே சாப்பாட்டில் ஐந்து இடத்தில் உப்பு உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வைக்க ஹோட்டலுக்கு ஒரு பைசா செலவில்லை.

இலையும் கவரும்

உட்கார்ந்து சாப்பிடும் பழைய முறையில் குப்பை என்று ஒன்று பெரிதாக இருந்ததில்லை. வாழை இலை, எவர்சில்வர் டம்ளர், பித்தளையோ எவர்சில்வரோ வாளி. சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போனது, மிஞ்சியது குப்பைக்குழியில் எருவானது. இலையைக் கழுவ வேண்டாம் என்பதால் தண்ணீரும் சோப்பும் மிச்சம். திருச்சியிலும் திருவையாற்றிலும் தாமிரபரணிக் கரையிலும் தேனியிலும் இலைக்கென்றே வாழை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் வாழையைச் சாய்த்தபோது அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாய்ந்தது. ஒரு ஹோட்டல் இலையிலிருந்து தட்டுக்கு மாறும்போது அவர்கள்தான் இன்னொரு முறை இழக்கிறார்கள். தட்டின்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு மாறும்போது எல்லோருமே இழக்கிறோம்.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கப் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முதல் சில மாதம் கடைகளில் பாத்திரம் கொண்டுவரச் சொல்லிப் பலகை தொங்கியது. மக்களும் தூக்குவாளியோடு வந்தார்கள். பிறகு கொரோனா வந்தது. ஹோட்டலில் உட்காரக் கூடாது, பார்சல் மட்டும்தான் என்ற மாதங்களில் எல்லாமே கவருக்குத் திரும்பின. ஸ்விக்கியும் சொமேட்டோவும் வீட்டு வாசல் பழக்கமாயின. இன்று நான்கு இட்லி வாங்கினால் இட்லிக்கு ஒரு டப்பா, சாம்பாருக்கு ஒரு டப்பா, இரண்டு சட்னிக்கு இரண்டு சின்ன டப்பா, எல்லாவற்றையும் போட ஒரு பை. அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி நூலால் முடிச்சுப் போடும் கடைகளும் இன்னும் இருக்கின்றன. கொதிக்கிற புளிக்குழம்பும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது என்று தெரியாத கடைக்காரர் இல்லை. தெரிந்தும் செய்வதன் காரணம், வாங்குகிறவர் வெறுங்கையோடு வருவதுதான்.

பாத்திரம் கொண்டுவருகிறவருக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுக்கும் கடை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருந்தால் போதும். டப்பாவின் விலை கடைக்காரருக்கு மிச்சம்தானே! அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை.

எச்சில் இலையில் மீந்தது

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 28 சதவீதம் ஹோட்டல் போன்ற உணவுக்கூடங்களிலிருந்து. நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குத் தேவை என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. மேட்டூரில் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் பார்க்கிற நாம், மூடிய இலைக்குள் கிடக்கும் சோற்றில் எத்தனை குடம் போகிறது என்று பார்ப்பதில்லை.

கேட்காமல் சோறு போடுவதன் இரண்டாவது கேடு இது. உடம்புக்குள் போனால் சர்க்கரை, போகாவிட்டால் குப்பை. இலையில் மீந்த சோறும் குழம்பும் கவரோடு கலந்து குப்பைக்கிடங்குக்குப் போகும்போது காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் ஈரக்கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ வாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றை வைத்து, அதில் வரும் வாயுவில் வெந்நீர் போடும் அளவுக்கு இடமுள்ள ஹோட்டல்கள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் நிறையவே இருக்கின்றன. நகரத்துக்குள் இடமில்லை. அங்கே எளிய வழி, பந்தி முடிந்ததும் எச்சில் வாளியைத் தினமும் எடை போட்டு எழுதிவைப்பது. எந்தக் கிழமை எது மிஞ்சுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மிஞ்சுவது எல்லாம் வாங்கிய காசு, எரித்த 19 கிலோ சிலிண்டர். முதலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெருநகரங்களில் இப்போது ஆரோக்கிய உணவு என்ற பெயரில் தனிக் கடைகள் வருகின்றன. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமைப் பொங்கலும் வரகு பிரியாணியும் குளிரூட்டிய அறைக்குள் போயிருக்கின்றன. போகட்டும், வரவேற்கிறேன். சாமை விதைக்கும் மலைக்காட்டு விவசாயிக்கு அதனால் கூடுதல் விலை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சிறுதானியம் நம் தெருவை விட்டுப் போகவே இல்லை. சித்திரை வெயிலில் மரத்தடியில் நிற்கும் கூழ் வண்டியைப் பாருங்கள். கம்போ கேழ்வரகோ முந்தின நாளே காய்ச்சிப் புளிக்கவைத்தது. எண்ணெய் இல்லை, அங்கே அடுப்பும் இல்லை. மோர் விட்டுக் கரைத்து எவர்சில்வர் சொம்பில் கொடுத்து, திரும்ப வாங்கிக் கழுவிக்கொள்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சில வண்டிகளில் கீரையும் உண்டு. விலை, ஆட்டோ ஓட்டுநர் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும் விலை. உடம்புக்கும் மண்ணுக்கும் சட்டைப்பைக்கும் ஒன்றாக ஒத்துவரும் வெளிச்சாப்பாடு ஒன்று காட்டச் சொன்னால் நான் அந்த வண்டியைத்தான் காட்டுவேன். அந்த வண்டிக்காரருக்கு மாநகராட்சி கொடுக்க வேண்டியது நிழல், குடிநீர்க் குழாய், விரட்டாமல் நிற்க ஓர் இடம்.

இருபது நிமிட நிறுத்தம்

எல்லாவற்றையும் கடைக்காரர் மனம்வைத்துச் செய்யட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அரசு கை வைக்கக்கூடிய இடம் ஒன்று தெளிவாக இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் எந்த ஹோட்டலில் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தப்புள்ளி மூலம் முடிவாகிறது. பேருந்து நிற்கிற அந்த இருபது நிமிடத்தில் பயணிக்கு வேறு போக்கில்லை. அந்தக் கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. பரோட்டா, பூரி, கொத்து, பிளாஸ்டிக் புட்டித் தண்ணீர். தொலைதூரம் போகிற சர்க்கரை நோயாளி பிஸ்கட் பாக்கெட்டோடு திரும்பி வந்து உட்கார்கிறார். ஓட்டுநரும் நடத்துநரும் வருடம் முழுக்க அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எத்தனையோ நிபந்தனைகள் இருக்கின்றன. இன்னும் நான்கு வரி சேர்க்கலாம். எந்த நேரத்திலும் ஆவியில் வெந்த ஒரு பலகாரமும் ஒரு கிண்ணம் சுண்டலும் கட்டாயம் இருக்க வேண்டும். குடிக்க இலவசமாகச் சுத்திகரித்த தண்ணீரும், புட்டியில் பிடித்துக்கொள்ளக் குழாயும் வேண்டும். பொரிக்கும் எண்ணெயை மாதம் ஒரு முறை கருவி வைத்துச் சோதித்து, அளவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். சாப்பாட்டில் பொரியலும் கூட்டும் சோற்றைப் போலவே இரண்டாம் முறை வர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளி எழுதும் அதிகாரியின் மேசையிலேயே முடிகிற வேலை.